புகைபோக்கிச் செங்கற்கள்

வாட்டில் ஓடைச் சாலை, விக்டோரியா, ஆஸ்திரேலியா
மே 6

க்ளெனிஸ்,

வீடு முடிந்துவிட்டது. கூரைத் தகடு போட்டவன் நேற்றுக் கடைசி ஆணியை அடித்துவிட்டுப் போனான். நீ கேட்டபடியே மின்சார அடுப்புதான். தீப்பெட்டி என்ற பொருளே சமையலறைக்குள் கிடையாது. திரைச்சீலை மட்டும் பாக்கி. அதை நான் வாங்கினால் சாகும்வரை சொல்லிக்காட்டுவாய் என்பதால் சன்னல்களை அம்மணமாக விட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு யார் வாயிலாவது கேட்டுவிட்டு நீ கத்துவதைவிட நானே எழுதிவிடுகிறேன். பின்பக்கத்தில் ஒரு குழி தோண்டிக்கொண்டிருக்கிறேன். நெருப்புக்குழி. சுற்றி உட்கார்ந்து குளிர்காய, நாலு பேர் வந்தால் இறைச்சி வாட்ட. நம் வீடு எரிந்தபோது நின்றது புகைபோக்கி ஒன்றுதானே. அதை இறக்கி, ஒவ்வொரு செங்கல்லிலும் பழைய சாந்தைச் செதுக்கி எடுத்து அடுக்கி வைத்திருந்தேன். வெளியே எறிய மனம் வரவில்லை. புது வீட்டுக்குள் வைக்கவும் மனம் வரவில்லை.

இது எதற்கு இப்போது என்பாய். போன வாரம் ஊர்க் கடையில் ஹெக்டரைப் பார்த்தேன். அவனும் பெரிலும் இன்னும் காரவன் வண்டிக்குள்தான் குடியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ரொட்டி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நான் சுற்றிக்கொண்டு போய்ப் பிடித்தேன்.

"என்னய்யா, நான் என்ன போலீஸா? ஒளியிற?"

"இல்ல லாய்ட். உன்னப் பாத்தா அந்த ஜனவரி ஞாபகம் வருது. என்னப் பாத்தா உனக்கு வரலியா?"

வருகிறது. நம் சாலையில் எல்லோருக்கும் அப்படித்தான். காட்டுத்தீ வந்துபோய் இரண்டாவது குளிர்காலம் வந்துவிட்டது. இன்னும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் ஒரு நெருப்பு இருந்தால் வருவார்கள் என்று தோன்றுகிறது. நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

டென்சில் விட்டுப்போன நாய், டிங்கர், நன்றாகச் சாப்பிடுகிறது. வெந்துபோன பாதங்களில் இன்னும் மயிர் முளைக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் நான் தோண்டிய குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொள்கிறது. நேற்றுத் திடீரென்று எழுந்து, பக்கத்தில் டென்சில் வீட்டு வேலியைப் பார்த்து வாலை ஆட்டியது. அங்கே யாரும் இல்லை. எசமானைக் கண்டால் அது வாலை எப்படி ஆட்டும் என்று உனக்குத் தெரியும். அப்படி ஆட்டியது.

அவன் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்த மாதிரியும் இருந்தது. கண்ணாடியில் பட்ட வெயிலாக இருக்கும்.

லாய்ட்


ஜீலாங்
மே 14

லாய்ட்,

உனக்கு மூளை பிசகிவிட்டதா?

மேவிஸ் ரொட்டியைக் கருக்கிவிட்டால் நான் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என்னைப் பற்றி என்ன சொல்வது என்று என் தங்கைக்குத் தெரியவில்லை. நீ அந்த மண்ணிலேயே நெருப்பு வளர்க்கப் போகிறாய். அதுவும் விருந்தாளிகளைக் கூப்பிட்டு.

குழி எந்த இடத்தில்? சுற்றி வளைக்காமல் சொல். தண்ணீர்த் தொட்டிப் பக்கமா? டென்சில் கிடந்த இடத்துக்கு எவ்வளவு தள்ளி? நம் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறேன் என்று வேலி தாண்டி வந்தவன் நம் கொல்லையில் செத்தான். நம் வீடும் போயிற்று. அவன் வீட்டில் ஒரு சன்னல்கூட விரிசல் விடவில்லை. காலையில் எழுந்து அந்த வீட்டைப் பார்த்தபடி நான் தேநீர் குடிக்க வேண்டும், சாயங்காலம் அவன் விழுந்த தரையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், அப்படித்தானே?

மேவிஸின் போனுக்கு நீ அடித்தாயாம். அடிக்காதே. நான் போன் எடுப்பதில்லை. ஏன் என்று இதுவரை நீ கேட்டதில்லை, இனியும் கேட்காதே. எழுது, போதும்.

நாய்க்குப் பாதத்தில் களிம்பு தடவு.

க்ளெனிஸ்


வாட்டில் ஓடைச் சாலை
மே 26

க்ளெனிஸ்,

தொட்டிப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் நான் புல்கூட வெட்டுவதில்லை. குழி, வீட்டை விட்டு நன்றாகத் தள்ளி, பழைய பேரிக்காய் மரத்தின் அடிக்கட்டைக்கு அப்பால், தரை மட்டமாக இருக்கும் இடத்தில். நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி வட்டம் இழுத்தேன். முழங்கால் ஆழம் தோண்டி, மழைத்தண்ணீர் தேங்காமல் இறங்கட்டும் என்று ஜல்லி கொட்டி இடித்தேன். ஓடைக்கல் போட்டால் அழகாக இருக்கும், ஆனால் ஈரக்கல் சூட்டில் வெடிக்கும். அதனால் உள்வட்டத்துக்கு நம் கணப்பில் பதித்திருந்த, சூடு தாங்கும் மஞ்சள் கற்கள், வெளிவட்டத்துக்குப் புகைபோக்கியின் சிவப்புச் செங்கல். காற்றுப் புக அங்கங்கே இடைவெளி. ரசமட்டம் வைத்து முதல் இரண்டு வரிசை கட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இருந்தது என்று ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது இல்லை.

டென்சில் வீட்டு விளக்கு வெயில் அல்ல. ரொவீனா வந்திருக்கிறாள், பெர்த்தில் இருக்கிற அவன் மகள். அப்பா வீட்டை விற்க வந்தவள் ஒரு வாரமாக யாருக்கும் சொல்லாமல் உள்ளேயே இருந்திருக்கிறாள். அன்று நான் இரண்டாவது வரிசையைப் பூசிக்கொண்டிருந்தபோது வேலி இடைவெளி வழியாக நேராக வந்து நின்றாள். அவளுக்கு அப்பனுடைய தாடை.

"என்ன கட்டுறீங்க?"

சொன்னேன்.

"இங்கயா? எங்கப்பா செத்த எடத்துல பார்ட்டி வெக்கப் போறீங்களா?"

"பார்ட்டி இல்லம்மா. சும்மா நாலு பேரு உக்காந்து..."

"உக்காந்து? சாசேஜ் தின்னுட்டுச் சிரிக்கவா?"

காலால் ஓர் உதை. சாந்து ஈரமாக இருந்ததால் ஒரு பக்கம் மொத்தமாகச் சரிந்தது. மறுபக்கத்தையும் உதைத்தாள். நான் கரணையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தடுக்க எனக்கு என்ன உரிமை? மூச்சு வாங்க நிறுத்திவிட்டு, வேறு குரலில் கேட்டாள்.

"அவரோட கடைசி போன் உங்க வீட்டம்மாவுக்குத்தான் போயிருக்கு. எனக்கு வரல. அவர் என்ன சொன்னாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. உண்மையில் எனக்குத் தெரியாது, க்ளெனிஸ். அன்று நாம் தப்பிப் போகும் வழியில் பெட்ரோல் போட்டுவிட்டு நான் வந்தபோது நீ போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாய். லைன் சரியாகக் கேட்கவில்லை என்று போலீசிடம் சொன்னாய். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபிறகு பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

என்ன சொன்னான்?

லாய்ட்


ஜீலாங்
ஜூன் 3

லாய்ட்,

கேட்காதே என்றேன். கேட்டுவிட்டாய்.

செங்கல்லை உதைத்தாளா, நல்லது. நான் அங்கே இருந்திருந்தால் நானும் உதைத்திருப்பேன்.

அந்த வீட்டை விற்றுவிடலாம். இங்கேயே கடலோரமாக ஒரு சின்ன ஃப்ளாட் பார்க்கலாம். மரம் இல்லாத தெருவாக.

க்ளெனிஸ்


வாட்டில் ஓடைச் சாலை
ஜூன் 11

க்ளெனிஸ்,

இனிமேல் கேட்க மாட்டேன். வீட்டை விற்கச் சொன்னால் விற்கிறேன். ஒரு நெருப்பு, ஒரே ஒரு சாயங்காலம், அதற்குப் பிறகு விற்கலாம்.

சரிந்த கற்களை மறுபடி சுத்தம் செய்து அடுக்க ஆரம்பித்தேன். மறுநாளும் ரொவீனா வந்தாள். பேரி அடிக்கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாள், நான் குனிந்து எடுக்கும் முன்னால் ஒரு செங்கல்லை என் கையில் கொடுத்தாள். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. "இது கோணலா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். கோணலாகத்தான் இருந்தது.

நேற்றுக் கிளம்பும்போது தயங்கி நின்றாள்.

"ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? சாயங்காலம் எங்க வீட்டு வெளிக்குழாய நீங்க வந்து தொறக்குறீங்களா?"

"நானா? எதுக்கு?"

"தினமும் மூடுறேன். பொழுது சாஞ்சதும் தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. போய்ப் பாத்தா தொறந்து கெடக்கு. ரப்பர் குழாய் வேலி வரைக்கும் நீட்டி இருக்கு. உங்க வீட்டுப் பக்கமா."

பழைய குழாய், மரை தேய்ந்திருக்கும் என்றேன். மரை தேய்ந்தால் ரப்பர் குழாய் தானாக நீளுமா என்று அவள் கேட்கவில்லை. இன்று காலை போய்ப் பார்த்தேன். வேலிக்கு நம் பக்கத்துப் புல் ஈரமாக இருந்தது. இரவில் மழை இல்லை.

எனக்குப் பயமாக இல்லை. டிங்கருக்கும் இல்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

லாய்ட்


ஜீலாங்
ஜூன் 19

லாய்ட்,

இதை ரொவீனாவிடம் படித்துக் காட்டு. நீயாக எதையும் கூட்டாதே, குறைக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நீ பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினாய். அப்போதுதான் போன் அடித்தது. எடுத்தால் காதுக்குள் ரயில் ஓடுகிற மாதிரி இரைச்சல். அதற்குள்ளிருந்து டென்சில் கத்துகிறான்.

"க்ளெனிஸ்! உன் துணியெல்லாம் கொடியில காயுது!"

"என்னது?"

"துணி! பெட்ஷீட்டு, லாய்டோட சட்டை, எல்லாம். எடுத்து உள்ள போடட்டுமா?"

"டென்சில், துணிய விடு! நீ ஏன் அங்க இருக்க? கிளம்பு!"

"கிளம்புறேன், கிளம்புறேன். இத எடுத்துட்டுப் போறேன். சாம்பல் விழுந்தா கறை போகாது. பின்கதவு பூட்டியிருக்கா?"

"பூட்டல."

"சரி. மடிக்கல, அப்படியே கட்டில் மேல போட்டு வெக்கிறேன். கோச்சுக்காத."

அவ்வளவுதான். போன் நின்றுவிட்டது.

அவள் பெர்த்திலிருந்து வந்திருப்பது எதற்கு என்று எனக்குத் தெரியும். அப்பா என் பெயரைச் சொன்னாரா, கடைசியாக ஏதாவது சொல்லச் சொன்னாரா என்று கேட்கத்தான். கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? என் வீட்டுப் பெட்ஷீட். போலீஸ்காரர் எதிரே பேனாவோடு உட்கார்ந்திருந்தபோது என் வாயில் அது வரவே இல்லை. உன்னிடமும் வரவில்லை. அந்தத் துணியை எடுக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யாராவது கணக்குப் போட்டுவிடுவார்களோ என்று பயம். நான் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இங்கே துணியை வெளியில் காயப்போடுவதில்லை. குளியலறைக்குள்ளேயே போடுகிறேன். வீடெல்லாம் பூஞ்சை நாற்றம் என்று மேவிஸ் திட்டுகிறாள். திட்டட்டும்.

அவள் அழுதால் பக்கத்தில் இரு. உன் நகைச்சுவையை அன்று ஒருநாள் வீட்டுக்குள் பூட்டி வை.

க்ளெனிஸ்


வாட்டில் ஓடைச் சாலை
ஜூன் 28

க்ளெனிஸ்,

படித்துக் காட்டினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கட்டி முடித்த வட்டத்தின் விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் நின்றுகொண்டு படித்தேன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. துணி என்றதும் தலையைத் தூக்கினாள். 'மடிக்கல' என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"எங்கம்மா ஆயுசு பூரா கெஞ்சினாங்க, மடிச்சு வைங்க மடிச்சு வைங்கன்னு. மனுஷன் கேக்கவே மாட்டாரு. அப்படியே கட்டில் மேல மலை மாதிரி கொட்டுவாரு. அன்னிக்குமா? அன்னிக்கும் மடிக்கலியா?"

சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. டிங்கர் அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. நீ சொன்னபடி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அவரு கத்திக்கிட்டே செத்தாருன்னு நெனச்சிட்டிருந்தேன். தெனமும் கண்ண மூடினா அதான். அவருக்கு என்ன கவலைன்னா, துணியில கறை பட்டுடுமோன்னு. உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, எனக்கு இது போதும்னு."

அப்படியே எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். நீ போடும் அந்தக் கணக்கைப் பற்றியும் சொன்னாள். "எங்கப்பா போகணும்னு நெனச்சிருந்தா போயிருப்பாரு. அவரை யாரும் எதுலயும் நிறுத்தவும் முடியாது, கிளப்பவும் முடியாது" என்றாள். இதுவும் அவள் வாக்குதான், என்னுடையது அல்ல.

குழி முடிந்தது. சாந்து நன்றாகக் காயட்டும் என்று விட்டிருக்கிறேன். ஈரத்தோடு மூட்டினால் வெடித்துவிடும். சுற்றிலும் புல்லைச் செதுக்கி, கருங்கல் பொடி பரப்பி, பழைய ரயில்கட்டைகளை வாங்கி இருக்கை போட்டாயிற்று. ஜூலை 11, சனிக்கிழமை, இருட்டும்போது மூட்டுகிறோம். ஹெக்டரும் பெரிலும் வருகிறார்கள். சாலையில் மிச்சமிருக்கும் எல்லோருக்கும் ரொவீனாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டை விற்கும் பேச்சை அவள் கொஞ்ச நாளாக எடுக்கவில்லை.

நீ வா என்று எழுத மாட்டேன். தேதியை மட்டும் எழுதுகிறேன்.

லாய்ட்


ஜீலாங்
ஜூலை 13

லாய்ட்,

வந்தேன்.

மேவிஸ்தான் ஓட்டினாள். நம் வாசலுக்குச் சற்று முன்னாலேயே சாலையில் நிறுத்தி விளக்கை அணைக்கச் சொன்னேன். இறங்க முடியவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். புகை வந்தது. தைலமரக் கட்டையின் புகை. அன்றைய வாசனைதான், ஆனால் சின்னதாக, அடங்கி, ஒரு வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிற வாசனை. நான் ஓடவில்லை. அதை உனக்குச் சொல்ல வேண்டும்.

மரங்கள் எரிந்துபோனதால் சாலையிலிருந்தே பின்பக்கம் தெரிந்தது, எல்லோரையும் பார்த்தேன். ஹெக்டர் இளைத்துவிட்டான். பெரில் உன் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள். நீ ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள், வழக்கம்போல நீ முதலில் சிரித்தாய். டென்சிலுடைய தாடையோடு ஒரு பெண் குச்சியால் கங்குகளைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வேலிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். நீலக் கம்பளிச் சட்டை. உங்கள் எல்லோருக்கும் பின்னால், வெளிச்சமும் இருட்டும் சேருகிற இடத்தில், வட்டத்தை ஒட்டியே நடந்தார். வலது கையில் ஏதோ கனமாக. உடம்பு இடதுபக்கம் சாய்ந்திருந்தது, சுமை தூக்குகிறவன் சாய்கிற மாதிரி. உன் முதுகுக்குப் பின்னால் குனிந்து அதைக் கீழே வைத்தார். யாரும் திரும்பவில்லை. நாய் மட்டும் எழுந்து அவர் காலோடு காலாக நடந்தது. நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வெறுமனே நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த வழியே போனார்.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றாள் மேவிஸ்.

"அந்த ஆளு யாரு, நீலச் சட்டை?"

"எந்த ஆளு? எங்க?"

கிளம்பச் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் என் பல் தந்தியடித்தது. மேவிஸ் சூடாக்கியைப் போட்டாள். குளிரினால் அல்ல என்று அவளுக்கும் தெரியும்.

நீலச் சட்டையில் யாராவது வந்திருந்தார்களா? உண்மையைச் சொல். எனக்காகப் பொய் சொல்லாதே.

க்ளெனிஸ்


வாட்டில் ஓடைச் சாலை
ஜூலை 20

க்ளெனிஸ்,

நீலச் சட்டையில் யாரும் வரவில்லை.

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நெருப்பு மூட்டினால் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைக்க வேண்டும் என்பது சட்டம். நம் சாலையில் சட்டம் இல்லாவிட்டாலும் வைப்பார்கள். அன்று வந்தவர்களைக் கவனிக்கும் பரபரப்பில் எனக்கு மறந்தே போயிற்று. வாளியில் சுள்ளி நிரப்பி விறகுக் குவியல் பக்கம் வைத்திருந்தேன். எல்லோரும் கிளம்பும்போது, நெருப்பை அணைக்கத் தண்ணீர் கொண்டுவரலாம் என்று திரும்பினேன். என் இருக்கைக்குப் பின்னால் அதே வாளி, விளிம்புவரை தண்ணீரோடு இருந்தது. சுள்ளிகள் விறகின் மேல் ஒழுங்கில்லாமல் கொட்டிக் கிடந்தன.

ரொவீனா வைத்திருப்பாள் என்று நினைத்தேன். "நீங்கதான வெச்சீங்க?" என்றாள். ஹெக்டரைக் கேட்டேன், பெரிலைக் கேட்டேன். மறுநாள் வீடு வீடாகப் போய் மற்றவர்களையும் கேட்டேன். யாரும் வைக்கவில்லை. அப்போது உன் கடிதம் வரவில்லை.

அன்று அந்தத் தண்ணீரைக் கங்குகளின் மேல் நான்தான் ஊற்றினேன். அணைந்ததும் கையால் தொட்டுப் பார்த்தேன், ஹெக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி. எல்லாம் குளிர்ந்திருந்தது. ரொவீனா வீட்டுக்குப் போய் வெளிக்குழாயைப் பார்த்தாள். இறுக்கி மூடியிருந்ததாம். இன்றுவரை அது திறந்துகொள்ளவில்லை.

ஆகஸ்ட் 1, சனிக்கிழமை, மறுபடி மூட்டலாமா என்கிறாள் அவள். ஹெக்டர் ஆட்டிறைச்சி கொண்டுவருகிறானாம். என்ன சொல்லட்டும்?

லாய்ட்


ஜீலாங்
ஜூலை 24

லாய்ட்,

மூட்டச் சொல். அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, காலைப் பேருந்தில் வருகிறேன். போன் செய்து நேரத்தைச் சொல்கிறேன், எடு. திரைச்சீலைத் துணி மேவிஸும் நானும் வாங்கியாயிற்று. மஞ்சள். உனக்குப் பிடிக்காது.

உன் பக்கத்தில் எனக்கு இடம் வை. வாளியை மட்டும் நீ நிரப்பாதே.

க்ளெனிஸ்